மட்டையும் உடம்பும்

நாற்பத்தாறு வயதில் ஒருவன் புதிதாக நிற்கக் கற்றுக்கொள்கிறான் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே இரண்டு பிங்பாங் மேஜைகள். கல்லூரி நாளில் நான் கொஞ்சம் ஆடியவன். பழைய வித்தைதானே, எங்கே போய்விடும் என்ற தைரியத்தில், முதல் காரியமாக ஒரு விலை உயர்ந்த மட்டையை வாங்கிக்கொண்டு போனேன்.

வித்தை எங்கும் போகவில்லை. பந்துதான் மேஜையில் விழவில்லை. ஒன்று வலையில் மாட்டிக்கொண்டது, அல்லது எதிரே நின்றவரின் தலைக்கு மேலே போயிற்று. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் சரியில்லை என்றேன். மறு வாரம் வேறு ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்தேன். அதுவும் சரியில்லை. அங்கே பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் நாள் என் கையிலிருந்து மட்டையை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"ஸார், கோபித்துக்கொள்ளக் கூடாது. இது கையால் ஆடும் ஆட்டம் இல்லை. முதலில் நில்லுங்கள், பார்க்கலாம்" என்றார்.

நின்றேன். முழங்கால் விறைத்து, பாரம் முழுவதும் குதிகாலில் இறங்கி, உடம்பு சற்றே பின்னால் சாய்ந்து, நாற்காலியிலிருந்து எழுந்த ஆசாமி எப்படி நிற்பானோ அப்படி நின்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு மாதத்துக்கு எனக்குப் பந்து கிடையாது என்று தீர்ப்பாயிற்று. நிற்க வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், திரும்பி வந்து மறுபடியும் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு மாதத்தில் என் மனசுக்கு நிறைய ஓய்வு கிடைத்தது. பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஓர் அபிப்பிராயத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் விசாரிக்க ஆரம்பித்தேன். அந்த விசாரணையின் விவரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பெரியப்பா வாலிபத்தில் பம்பாயில் குமாஸ்தாவாக இருந்தார். மாதுங்காவில் ஓர் அறையில் நாலு பேர் வாசம். 1952 பிப்ரவரியில் பம்பாயில் மேஜைப் பந்தாட்டத்தின் உலகப் போட்டி நடந்தது. அந்தப் போட்டி ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. பெரியப்பா டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். நான் பையனாக இருந்தபோது, எனக்கு மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். கற்றுக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவார். கதையின் முடிவில் ஒரு வாக்கியம் வரும்: "மட்டைதான்டா ஜெயித்தது, மனுஷன் இல்லை."

அவர் சொன்ன மனுஷன் ஹிரோஜி ஸாட்டோ என்ற ஜப்பானியர். அவர் என்ன செய்தார் என்பது விளங்க வேண்டுமானால் அதற்கு முன் இந்த ஆட்டம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது பிறந்தது இங்கிலாந்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சாப்பாட்டு மேஜையின் மேல். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கனவான்களும் சீமாட்டிகளும் மேஜையின் நடுவே எதையாவது தடுப்பாக வைத்துக்கொண்டு பந்தை இப்படியும் அப்படியும் தட்டுவார்கள். உடுப்புக் கசங்காமல் ஆடக்கூடிய ஆட்டம். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவிலிருந்து செல்லுலாய்டுப் பந்து வந்து சேர்ந்தது. தோல் போர்த்திய மட்டையில் அது பட்டபோது எழுந்த 'பிங்', 'பாங்' என்ற சத்தமே பெயராயிற்று. அந்தப் பெயரைக் கம்பெனிக்காரர்கள் உடனே பதிவு செய்துகொண்டார்கள் என்பதிலிருந்து எவ்வளவு விற்பனை ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பிறகு யாரோ மரப்பலகையின் மேல் சிறு சிறு முட்களைப் போன்ற புள்ளிகள் கொண்ட ரப்பர்த் தாளை ஒட்டினார். மருந்துக் கடையில் சில்லறை வைக்கும் ரப்பர் விரிப்பைப் பார்த்துத்தான் அந்த யோசனை தோன்றிற்று என்று ஒரு கதை உண்டு. அந்த ரப்பர் மட்டை அரை நூற்றாண்டு ராஜ்யம் செய்தது.

1926 டிசம்பரில் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. இந்தியாவும் அதில் கலந்துகொண்டது. அந்தக் காலத்தில் ஆட்டம் ஹங்கேரிக்காரர்களின் கையில் இருந்தது. அவர்களில் விக்டர் பார்னா என்பவர் 1930-லிருந்து 1935-க்குள் ஐந்து தடவை தனியாட்டப் பட்டம் வென்றார். இரட்டையர், குழு எல்லாம் சேர்த்தால் அவருடைய உலகப் பட்டங்கள் இருபத்திரண்டு. இடது பக்கம் வரும் பந்தை முழங்கையையும் மணிக்கட்டையும் வெட்டிச் சுண்டி அவர் அடிக்கும் அடிக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். 1935-ல் பிரான்ஸில் ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய வலது கை முறிந்தது. அப்புறமும் 1939-ல் இரட்டையர் பட்டம் வாங்கினார். தனியாட்டப் பட்டம் மட்டும் திரும்பி வரவில்லை. கையை நம்பியிருந்த ஆட்டத்துக்குக் கை போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கையை நம்பிய ஆட்டத்துக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பந்தைத் திருப்பிக் கொடுப்பது சுலபம், கொல்லுவது கஷ்டம். ஆகவே பொறுமைசாலிகள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். 1936-ல் ப்ராக் நகரத்தில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் ஆடினார்கள். முதல் புள்ளி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாசகர்கள் தவறாகப் படித்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். ஆட்டத்துக்கு அல்ல, ஒரு புள்ளிக்கு இரண்டு மணி. இப்படியும் அப்படியும் பார்த்துப் பார்த்து நடுவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று சொல்லுகிறார்கள். அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு வலையின் உயரத்தை ஆறே முக்கால் அங்குலத்திலிருந்து ஆறாகக் குறைத்தார்கள். ஆட்டத்துக்குக் கால வரையறையும் போட்டார்கள்.

இந்த நிலையில்தான் பம்பாய்ப் போட்டி வருகிறது. யுத்தம் முடிந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. ஜப்பான் உலகப் போட்டிக்கு வருவது அதுவே முதல் தடவை. ஸாட்டோ குள்ளமான மனுஷர், மூக்குக் கண்ணாடி போட்டவர். பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார் என்பார் பெரியப்பா. அவர் உறையிலிருந்து எடுத்த மட்டையில் ரப்பர் முட்கள் இல்லை. தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது.

"அதுவரைக்கும் டொக்கு டொக்கு என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்று போயிற்றடா. எதிராளி அடித்தால் டொக். இவன் அடித்தால் ஒன்றுமே இல்லை. மெத்தையில் மாங்காய் விழுந்த மாதிரி" என்பார் பெரியப்பா.

அந்த 'ஒன்றுமே இல்லை' என்பதில்தான் ரகசியம். நல்ல ஆட்டக்காரன் பந்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறான். எதிராளியின் மட்டையில் பந்து பட்ட சத்தம், அடி எவ்வளவு பலம் என்பதை ஒரு நொடியின் சிறு பங்குக்கு முன்பே அவனுடைய காலுக்குச் சொல்லிவிடுகிறது. வருஷக்கணக்கில் இப்படிப் பழகிய உடம்புகளுக்கு எதிரே சத்தமில்லாத மட்டை ஒன்று வந்து நின்றது. போதாததற்கு, ஸ்பாஞ்சில் பந்து ஒரு கணம் அமுங்கிப் புதைந்து பிறகு வில்லிலிருந்து விடுபட்டதுபோலக் கிளம்பியது. வேகமும் புதிது, சுழற்சியும் புதிது. அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் அந்த வருஷத்து நட்சத்திரங்களில் ஒருவர். அவர் ஸாட்டோவிடம் தோற்றார். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோஸெப் கோட்ஸியானும் தோற்றார். முதல் தடவையாக வந்த ஜப்பான், ஏழு பட்டங்களில் நாலைக் கட்டிக்கொண்டு போயிற்று. ரைஸ்மன் 2012-ல் காலமாகிற வரையில் பழைய ரப்பர் மட்டையின் பெருமையைப் பேசுவதை விடவில்லை.

பெரியப்பாவும் விடவில்லை. மட்டைதான் ஜெயித்தது என்று அவர் சொன்னதை நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதனால் ஒரு காரியம் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷந்தான் இருந்தேன். படித்ததைவிட ஆடியது அதிகம். 1998-ல் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஒரு போட்டி. அப்போதெல்லாம் ஆட்டம் இருபத்தொரு புள்ளிக்கு. எனக்கு எதிரே வந்தவன் ஒல்லியான பையன். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அவனுடைய மட்டையில் ஒரு பக்கம் சாதாரணச் சிவப்பு ரப்பர். மறுபக்கம் கறுப்பு, அதில் நீளம் நீளமாக முட்கள். நான் பந்தை மேலே சுழற்றி அடித்தால் அது கீழ்ச் சுழற்சியோடு திரும்பி வந்தது. நான் வெட்டினால் துள்ளிக்கொண்டு வந்தது. நான் என்ன கொடுத்தேனோ அதற்கு நேர்மாறானது திரும்பிற்று. 21-9, 21-11 என்று தோற்றேன்.

தோற்றது பெரிதல்ல. ஆட்டம் முடிந்து அவன் கை நீட்டியபோது, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாக நான், "மட்டைக்குக் கை கொடுக்கலாம், உனக்கு எதற்கு?" என்றேன். என் சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவன் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிற்பகல் ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. அவன் இல்லாமலே அவர்கள் ஆடித் தோற்றுப் போனார்கள். நாங்கள் கோப்பை வாங்கினோம். அந்தக் கோப்பையை யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது விசாரணைக்கு வருவோம். மட்டைதான் ஜெயித்தது என்றால், அதே மட்டை வேறு யார் கையில் இருந்தாலும் ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? ஸாட்டோ பட்டம் வாங்கிய பிறகு ஸ்பாஞ்சு ஒன்றும் தேவலோகத்துச் சரக்காக இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டவர்களெல்லாம் சாம்பியன் ஆகிவிடவில்லை. மறு வருஷம் 1953-ல் உலகப் பட்டம் வாங்கியவர் ஹங்கேரியின் பெரென்க் ஸிடோ. மலை மாதிரி சரீரம் உள்ள அவர் பழைய ரப்பர் மட்டைக் காலத்தில் வளர்ந்த ஆட்டக்காரர். ஸாட்டோவே அப்புறம் ஒரு தடவையும் தனியாட்டத்தில் உலகப் பட்டம் பெறவில்லை. ஸ்பாஞ்சு மட்டையைச் சும்மா பிடித்து ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது முரட்டு மாடு. பழைய மட்டையில் மேஜைக்குள் விழும் அதே அடி, ஸ்பாஞ்சில் சுவரைப் போய்த் தொடும். அதைக் கட்டி மேய்க்கிற உடம்பு ஒன்று முதலில் தயாராக வேண்டும். பம்பாயில் அந்தப் பத்து நாளும் ஸாட்டோவின் உடம்பு தயாராக இருந்தது, மற்றவர்களுடையது இல்லை. அவருடைய பங்கு அதுதான். அது சின்னப் பங்கல்ல.

மட்டை வந்துவிட்டது, அதற்கேற்ற உடம்பு எப்படி வந்தது? அதற்கு இச்சிரோ ஒகிமுராவின் கதையைப் பார்க்க வேண்டும்.

ஒகிமுரா 1932-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் சம்பாதித்து வளர்த்தார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான் பிங்பாங் மட்டையைத் தொட்டார். உலகப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அது தாமதம். டோக்கியோவை ஒட்டிய கிச்சிஜோஜியில் ஹிஸாயே உயேஹாரா என்ற பெண்மணி ஒரு மேஜைக் கூடம் நடத்தி வந்தார். பையன் அங்கேயே பழியாய்க் கிடந்தான். யுத்தத்தில் நொந்து போன தேசம். வயிற்றுக்கே போதாத காலம். 1954-ல் லண்டனுக்குப் போக அவருக்குப் பிரயாணச் செலவு இல்லை. தெரிந்தவர்கள் தெருவில் நின்று ஜனங்களிடம் பணம் சேர்த்தார்கள். அந்தக் காசில் பிரயாணம் போகிறவனுக்கு மட்டைமேல் பழி போட உரிமை இருக்குமா?

மற்றவர்கள் கையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது ஒகிமுரா காலைப் பழக்கினார். ஓடினார். முயல் மாதிரி குந்திக் குந்திக் குதித்தார். ஜப்பானியர் மட்டையைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கிறவர்கள். அந்தப் பிடியில் வலது பக்கத்து அடி இடி மாதிரி விழும். இடது பக்கம் சங்கடம். கையால் ஆடுகிறவன் இதை ஒரு குறை என்று நினைத்து வருத்தப்படுவான். ஜப்பானியர்கள் கண்ட வழி வேறு: இடது பக்கத்துக்குக் கையைக் கொண்டு போகாதே, உடம்பையே கொண்டு போ. மேஜையின் அகலம் ஐந்து அடி. அந்த ஐந்து அடியையும் வலது பக்கத்து அடியினாலேயே காப்பாற்ற வேண்டுமானால் கால் பறக்க வேண்டும். பறந்தது. 1954-ல் லண்டன் வெம்ப்ளியில், தமது இருபத்தொன்றாவது வயதில், ஒகிமுரா உலகப் பட்டம் வென்றார். 1956-ல் டோக்கியோவில் மறுபடியும் வென்றார். 1955-லும் 1957-லும் அவருடைய தேசத்தவரான தோஷியாகி தானாகா. 1954-லிருந்து 1959 வரை நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் ஆண்கள் குழுக் கோப்பை ஜப்பானுக்கே போயிற்று. ஒரு மட்டையினால் நாலு பட்டம் வரலாம். ஐந்து போட்டி தொடர்ந்து வராது.

இந்தக் கால் வித்தை என்ன என்று என்னுடைய ரயில்வே வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை வைத்துச் சொல்லுகிறேன். மேஜை ஒன்பது அடி நீளம். வேகமான பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. அதற்குள் பார்க்க வேண்டும், போய்ச் சேர வேண்டும், அடிக்க வேண்டும். குதிகாலில் நிற்கிறவன் முதலில் பாரத்தை முன்பாதத்துக்கு மாற்ற வேண்டும்; அதற்கே நேரம் போய்விடும். ஆகவே பாரம் எப்போதும் முன்பாதத்தில். முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்காரப் போய் மனசு மாறியவன் மாதிரி. பந்து வந்தால் அடி காலிலிருந்து கிளம்ப வேண்டும். கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் இடுப்பைத் தொடருகிறது, முன்கை தோளைத் தொடருகிறது, கடைசியில் மணிக்கட்டு. வாய்க்காலில் தண்ணீர் மடைக்கு மடை பாய்வது மாதிரி பலம் மேலே ஏறி வருகிறது. மட்டை கடைசி மடை. அங்கே மட்டும் தண்ணீர் இருந்து என்ன பிரயோஜனம்?

இதைவிட முக்கியமானது ஒன்று. அடித்த பிறகு திரும்பி வந்து நிற்க வேண்டும். அடித்த அடியின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த பந்து காதோரம் போய்விடும். இன்னொன்று, உடம்பைத் தளர்த்தி வைத்திருப்பது. பந்தின் எடை அந்தக் காலத்தில் இரண்டரை கிராம். இரண்டரை கிராமை அடிக்க நான் கோடாலி பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தசைகளும் ஒரே சமயத்தில் இறுகினால் ஒன்றும் வேகமாக அசையாது. அடிக்கிற கணத்தில் மட்டும் இறுக்கம்; மற்ற நேரமெல்லாம் தளர்ச்சி. உடம்பை அடக்குவது என்றால் இறுக்கிப் பிடிப்பது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். விட வேண்டிய இடத்தில் விடுவதற்குத்தான் அந்தப் பெயர் என்று இப்போது தெரிகிறது.

ஒகிமுரா தாம் கற்றதை மூட்டை கட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஸ்வீடனுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். 1962-ல் சீனாவுக்கும் போனார். போட்டியாளனுக்கே வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறவர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை. சீனர்கள் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டார்கள். 1959-ல் ஜெர்மனியின் டார்ட்முண்டில் ரோங் குவோட்வான் என்ற மெலிந்த வாலிபர் அந்த மலை மனுஷர் ஸிடோவை இறுதி ஆட்டத்தில் வென்றார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அவர் க்ஷயரோகத்தோடு போராடியவர். 1968-ல், கலாச்சாரப் புரட்சியின் கொடுமை தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார். உடம்பை ஜெயித்தவனையும் காலம் விட்டுவைப்பதில்லை. 1961, 1963, 1965 என்று மூன்று தடவை பட்டம் வென்ற சுவாங் ஸெடோங்தான் 1971-ல் நகோயாவில் அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவருக்குப் பட்டுத் துணிப் படம் பரிசளித்தார். மறு வருஷம் அமெரிக்க ஜனாதிபதியே பெய்ஜிங்குக்குப் போய் இறங்கினார். ஒகிமுரா 1987-ல் உலகச் சம்மேளனத்தின் தலைவரானார். 1991-ல் அவருடைய பெரு முயற்சியால் வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே குழுவாக ஆடின. 1994-ல் காலமானார்.

மட்டையின் கதியும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சு வேண்டும், வேண்டாம் என்று ஏழு வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் 1959-ல் சம்மேளனம் சமரசம் செய்தது. வெறும் ஸ்பாஞ்சு கூடாது. அதன் மேல் ரப்பர் போர்த்தியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நாலு மில்லி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸாட்டோவின் மட்டை அத்துடன் சட்ட விரோதமாயிற்று. அதன் பிள்ளைதான் இன்று உலகமெல்லாம் ஆடும் மட்டை. பிறகும் சட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. இரண்டு பக்கமும் வெவ்வேறு ரப்பரை ஒரே நிறத்தில் ஒட்டி எதிராளியை ஏமாற்றினார்கள் என்று, 1980-களின் நடுவில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று கட்டாயமாக்கினார்கள். 2000-ல் பந்து முப்பத்தெட்டு மில்லி மீட்டரிலிருந்து நாற்பதாகப் பெருத்தது. 2001-ல் ஆட்டம் பதினோரு புள்ளிக்குக் குறைந்தது. 2014-லிருந்து செல்லுலாய்டு போய் வேறு பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொரு தடவையும் சாமான் மாறிற்று. உடம்பு போய் அதைக் கற்றுக்கொண்டு வந்தது.

சிவப்பு, கறுப்பு என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை தயங்குகிறது. அந்த ஒல்லிப் பையன் என்னை ஏமாற்றவில்லை. எந்தப் பக்கத்தால் அடிக்கிறான் என்பதை நிறமே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சட்டம் எனக்காகத்தான் அந்த நிறத்தைப் பூசி வைத்திருந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்துக் காலை நகர்த்தியிருந்தால் ஒருவேளை பதினைந்து புள்ளியாவது எடுத்திருப்பேன். அந்த முள் ரப்பரைக் கட்டி மேய்க்க அவன் எத்தனை சாயங்காலம் செலவழித்தானோ! அத்தனையையும் ஒரு வாக்கியத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நம்முடைய ஊரிலும் இந்தக் கதைக்குச் சாட்சிகள் உண்டு. வி. சந்திரசேகர் மூன்று தடவை தேசியச் சாம்பியன். 1984-ல் முழங்காலுக்குச் செய்த அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த விபரீதத்தால் அவருக்கு நடையும் பேச்சும் பார்வையும் குலைந்தன. எந்தக் காலால் ஜெயித்தாரோ அந்தக் காலால் நிற்கவே மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டார். கோர்ட்டில் பல வருஷம் வழக்காடி நஷ்ட ஈடும் பெற்றார். பிறகு பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 2021-ல் கொரோனாவில் காலமானார். மட்டை பிடித்த காலத்தில் அவர் பெற்ற வெற்றிகளைவிட, மட்டையே பிடிக்க முடியாத காலத்தில் பெற்ற வெற்றியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சென்னையின் சரத் கமல் 2006-ல் மெல்போர்னில் காமன்வெல்த் தனியாட்டத் தங்கம் வென்றார். பதினாறு வருஷம் கழித்து 2022-ல் பர்மிங்ஹாமில் அதே தங்கத்தை மறுபடியும் வென்றபோது அவருக்கு வயது நாற்பது. அதற்குள் பசையை மாற்றினார்கள், பந்தை மாற்றினார்கள். நாற்பது வயசுக் கால்களை மட்டும் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. அவரேதான் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியப்பா இப்போது இல்லை. இருந்தால் அவரோடு வாதாடுவேன். அவர் முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். பம்பாயில் மட்டை ஜெயித்தது உண்மை. ஆனால் மனுஷன் இல்லை என்று சொன்னாரே, அது உண்மை இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக இன்னொன்றை மறுக்க வேண்டியதில்லை. தோற்றவர்கள்தான் அப்படிச் செய்வோம். தோல்வியைச் சாமான் கணக்கில் எழுதிவிட்டால் உடம்புக்கு வேலை மிச்சம்.

ஒரு மாதம் முடிந்து எனக்குப் பந்து கொடுத்தார்கள். இன்னும் சுமாராகத்தான் ஆடுகிறேன். சென்ற வாரம் மன்றத்துக்கு ஒரு புதுப் பையன் வந்தான். எட்டாம் வகுப்பு. அவனுடைய மட்டையில் கறுப்புப் பக்கம் நீள முட்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. முழங்காலை மடக்கி நின்றேன். நிறத்தைப் பார்த்து நகர்ந்தேன். அப்படியும் 11-6, 11-8 என்று தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் அவன் மட்டையைத் தொடையில் துடைத்துக்கொண்டே, "அங்கிள், இந்த ரப்பர் கொஞ்சம் அப்படித்தான்" என்று தயங்கினான். இதற்கு முன் யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"ரப்பர் இருக்கட்டும். நீ நன்றாக ஆடினாய்" என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

இருபத்தேழு வருஷம் தாமதம்; ஆளும் வேறு. ஆனாலும் பையன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டான்.